பெரியவளுக்கு நடந்த மாதிரி

மழைக்காலம் பிடித்துக்கொண்டால் அந்தப் பட்டறையில் வெல்டிங் நடக்கும், பெயின்ட் நடக்காது. தகரக் கூரைக்குக் கீழே அண்ணனும் தம்பியும் ஜன்னல் கிரில்களைப் பற்றவைத்துப் பற்றவைத்துச் சுவரோரம் சாய்த்துக்கொண்டே போவார்கள். ஈரக்காற்று பட்ட இரும்பு மறுநாளே மஞ்சள் பூத்துவிடும். அந்தத் துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, பெயின்டுக்கு அடிப்பூச்சாகச் சிவப்பு பிரைமர் அடித்துக் காயவைப்பது வீட்டுப் பெண்களின் வேலை. வெயில் இல்லாத நாளில் அடித்தால் பிரைமர் காயாமல் பிசுபிசுவென்று கையோடு வந்துவிடும். அதனால் மழை நாட்களில் மருமகள்கள் இருவரும் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சிமென்ட் முற்றத்தில், கூரை நீண்டிருக்கும் பக்கமாக உட்கார்ந்து, தேய்க்கவேண்டியதைத் தேய்த்துக்கொண்டே வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணன் மனைவியைத் தெருவில் எல்லோரும் பெரியவள் என்பார்கள். தம்பி மனைவி சின்னவள். மாமியார் இல்லாத வீடு. அடுப்பும் சாவிக்கொத்தும் பெரியவள் கையில்தான். கை ஒரு பக்கம் ஓடினால் அவள் வாய் இன்னொரு பக்கம் ஓடும். சின்னவள் அதற்கு நேர் எதிர். அவள் வாயிலிருந்து நான்கு வார்த்தை வாங்குவதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும் என்று பெரியவள் கேலி செய்வாள். புதிதாகப் பார்ப்பவர்கள் இருவரையும் அக்கா தங்கை என்றே நினைப்பார்கள். ஓரகத்திகள் என்று சொன்னால் ஒரு நிமிடம் நம்பமாட்டார்கள்.

சின்னவளுக்கு இரண்டாவது உண்டாகி ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்த மழை அது. பிரைமரில் கலக்கும் தின்னரின் வாடை பிள்ளைக்கு ஆகாதென்று பெரியவள் அவளைப் பிரைமர் டப்பா பக்கமே அண்டவிடவில்லை. உப்புத்தாளோடு ஓரமாக ஒரு முக்காலியில் உட்காரவைத்திருந்தாள். சின்னவளின் மூன்று வயது மகள் பொம்மு, சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவளின் மகனோடு தேங்கிய தண்ணீரில் மூடி மிதக்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மறுபடி கத்தி வேண்டாம்க்கா," என்றாள் சின்னவள், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரு வேணும்னு சொன்னா?"

"எல்லாரும்தான். முதல்ல வயித்தைக் கிழிச்சவளுக்கு ரெண்டாவதும் கிழிக்கணும்னு எங்க அம்மா சொல்றாங்க. பக்கத்து வீட்லயும் அதையேதான் சொல்றாங்க."

"அப்ப நான் யாரு? எனக்கு மூத்தது கிழிச்சு எடுத்ததுதானே. இதோ ஆடிக்கிட்டிருக்கானே, இவன் எப்படி வந்தான், சொல்லு."

சொல்லு என்றாளே தவிர, சொல்ல ஆரம்பித்தது அவள்தான். அந்தக் கதையைத் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. பெரியவளின் மூத்த மகள் வயிற்றுக்குள் தலை மேலாக, புட்டம் கீழாக உட்கார்ந்திருந்தாளாம், அதனால் ஆபரேஷன். நான்கு வருடம் கழித்து சுண்டெலி. முயற்சி செய்து பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். வலி வந்து, புருஷனை டீ வாங்க அனுப்பினாள். அவர் கடையில் சில்லறைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்து சேர்வதற்குள் பிள்ளை வந்துவிட்டான். கதவு திறந்து நர்ஸம்மா பிள்ளையை நீட்ட, வாங்கக் கை இல்லாமல் மனிதர் இரண்டு டம்ளரோடு நின்றாராம். மறுநாள் காலை அவளே எழுந்து நடந்துபோய்க் குளித்தாளாம். கதையைக் கேட்கும்போதெல்லாம் அவள் புருஷன் பட்டறைக்குள்ளிருந்து, "சில்லறைக்கு இல்ல, சர்க்கரை போட மறந்துட்டான், அதுக்குத்தான் சண்டை," என்று திருத்துவார்.

சின்னவள் சிரித்தாள். பிறகு வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்மு பொறந்து ஒரு மாசம் அவளை நான் தூக்கவே இல்லக்கா. தையல்ல சீழ் வச்சு, மறுபடி பிரிச்சு, தினம் துணி மாத்தி... பக்கத்துல போட்டுப் பால் குடுக்கக்கூட முடியல. அவ எங்க அம்மா முகத்தைப் பார்த்துத்தான் முதல்ல சிரிச்சா. நான் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

பெரியவள் எட்டி, சின்னவள் கையிலிருந்த தேய்ந்துபோன உப்புத்தாளை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள்.

எட்டாம் மாதம் டாக்டரம்மாவைப் பார்க்க மூன்று பேர் போனார்கள்: சின்னவள், அவள் புருஷன், பெரியவள். சுண்டெலி பிறந்தபோது பிரசவம் பார்த்த அதே டாக்டரம்மா. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. பேச்சு மட்டும் அப்படியே, கூட்டாமல் குறைக்காமல்.

"முதல் தடவை எதுக்காக ஆபரேஷன் பண்ணாங்க?"

"வலி வந்துச்சு டாக்டர். பகல் முழுக்க, ராத்திரி முழுக்க. கர்ப்பவாய் பாதி வரைக்கும் திறந்துட்டு அப்படியே நின்னுபோச்சு."

டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்தார். "குறுக்காத்தான் வெட்டியிருக்காங்க, அது நல்லது. நடுவுல மூணு வருஷம் விட்டிருக்கீங்க, அதுவும் நல்லது. முயற்சி பண்ணலாம். ஆனா நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நூறு பேரு முயற்சி பண்ணா எழுபது பேருக்கு மேல சுகப்பிரசவம் ஆயிடும். மீதிப் பேருக்கு வலியெல்லாம் பட்டுட்டு, கடைசியில ஆபரேஷன்தான். உன்ன மாதிரி முதல்ல நடுவழியில நின்னவங்களுக்கு அந்த எழுபது இன்னும் கொஞ்சம் இறங்கும்."

"சரி."

"இரு, முடிக்கல. இருநூறு பேர்ல ஒருத்தருக்கு, வலி எடுக்கும்போது கர்ப்பப்பையில பழைய தையல் போட்ட இடம் பிரிஞ்சுடும். பிரிஞ்சா உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. உடனே வயித்தைத் திறக்கணும். எவ்வளவு வேகமாத் திறந்தாலும் சில சமயம் பிள்ளை தங்காது."

சின்னவளின் புருஷன் நாற்காலி நுனிக்கு வந்தான். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அவன் முன்கையெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். அவற்றையே தடவிக்கொண்டிருந்தான். "அப்ப நேரா ஆபரேஷனே பண்ணிட்டா என்ன டாக்டர்?"

"பண்ணலாம். அதுலயும் ரத்தப்போக்கு இருக்கு, சீழ் இருக்கு, குடல் ஒட்டிக்கறது இருக்கு. மூணாவது வேணும்னா நஞ்சுக்கொடி பழைய தழும்புல போய் ஒட்டிக்கும், அது பெரிய தொல்லை. ஆனா இந்தப் பிள்ளைக்கு வர்ற ஆபத்து அதுல குறைவு. எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணு இருக்கத்தான் செய்யும். எந்தப் பயத்தோட உன்னால இருக்க முடியும்னு நீதான்மா சொல்லணும்."

பெரியவளால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "எனக்கு நீங்கதானே டாக்டர் பார்த்தீங்க. மூத்தது ஆபரேஷன், இளையது சுகப்பிரசவம்."

"ஞாபகம் இருக்கு. உங்களுக்குப் பிள்ளை திரும்பி உட்கார்ந்திருந்துச்சு, அதனால ஆபரேஷன். வழியில குறை இல்ல. அது வேற, இது வேற."

வெளியே தூறல். பஸ் நிறுத்தத்துக் கூரை ஒழுகியது. சின்னவள் ஈரம் படாத ஓரத்தில் நின்று, கேட்டதையெல்லாம் மனதுக்குள் அடுக்குவதைப்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பஸ் வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் நாலடி தள்ளிப் போய் நின்றான்.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"எனக்கும் இப்படித்தான் பயமுறுத்துனாங்க," என்றாள் பெரியவள். "அவங்க சொல்லணும், சொல்றாங்க. நாம பயந்துகிட்டே இருந்தா முடியுமா?"

சின்னவள் முகம் தெளிந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். இந்த வீட்டில் தன் சொல்லுக்கு இருக்கும் எடை அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் அன்றைக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மழை விட்டு, பல நாட்களுக்குப் பிறகு வெயில் பளிச்சென்று அடித்த ஒரு காலையில் வலி வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்கான கிரில்கள் முற்றம் முழுக்கப் படுத்திருந்தன. பெரியவள் முழங்கை வரை சிவப்பாக, வரிசையாகப் பிரைமர் அடித்துக்கொண்டு வந்தாள். சின்னவள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தாள்.

"அக்கா, இது அதுதான்னு நினைக்கிறேன்."

வலி வந்தவுடன் வரவேண்டும், வீட்டில் தங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரியவள் பிரஷைத் தின்னரில்கூடப் போடவில்லை. வேலையை அப்படியே விட்டுவிட்டு, கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். பெயின்ட் இழுத்துப் பாதியில் நின்ற கிரில்லைத் தாண்டித்தான் எல்லோரும் வெளியே போனார்கள். பின்னாளில், யாராவது வந்து தாமதமாகக் கூட்டிப் போனீர்களா என்று கேட்டபோதெல்லாம், இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்த உறுதியால் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

பிரசவ அறையில் ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள். சின்னவள் பெரியவளைக் கேட்டாள். வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பு மெஷினில் கேட்கும்படி வைத்தார்கள். குதிரை ஓடுவதைப்போல டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது சத்தம். நர்ஸம்மா கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார். ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைத்திருப்பதாகவும் அது வழக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். வலி வரும்போது சின்னவள் பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். விட்ட பிறகு இருவரும் பேசுவார்கள்.

"பொம்மு சாப்பிட்டிருப்பாளா?"

"எங்க வீட்டுக்காரரு முட்டை அவிச்சுக் குடுப்பாரு. அவருக்குத் தெரிஞ்ச ஒரே சமையல். நீ மூச்சை விடு."

மத்தியானம் டாக்டரம்மா பரிசோதித்தார். "போன தடவை நின்ன இடத்தை நீ தாண்டிட்டம்மா," என்றார்.

சின்னவள் சிரித்தாள். வியர்த்து, முடி நெற்றியில் ஒட்டி, உதடு வெடித்துக் கிடந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பெரியவள் அதற்குமுன் பார்த்ததில்லை. "தாண்டிட்டேனாம்க்கா," என்றாள், பெரியவளுக்குக் காது கேட்காததைப்போல.

"எனக்கும் கேட்டுச்சுடி."

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வலிதான் இருக்கும். சின்னவள் முகம் மாறியது.

"அக்கா, தோள்பட்டை வலிக்குது."

"கையை மடக்கிப் படுத்திருக்கே, அதான்."

"இல்லக்கா. இது வேற. அடிவயித்துலயும் விட்டுவிட்டு வலிக்கல. நிக்காம வலிக்குது."

பெரியவள் அவள் தோளைத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மெஷினின் ஓட்டம் தளர்ந்தது. குதிரை நடையாகி, நடையும் தயங்கி, ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. பெரியவள் வாயைத் திறப்பதற்குள் நர்ஸம்மா சுவரிலிருந்த மணியை அமுக்கிவிட்டார். அறை ஆட்களால் நிரம்பியது. யாரும் கத்தவில்லை. ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில், ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பேசிக்கொண்டார்கள். டாக்டரம்மா வயிற்றில் கை வைத்த மாத்திரத்தில், "தியேட்டருக்கு," என்றார். கட்டிலின் சக்கரங்கள் நகர்ந்தன. சின்னவளின் கை பெரியவள் மணிக்கட்டிலிருந்து உருவிக்கொண்டு போனது.

நடைவழியில் கொழுந்தன் நின்றிருந்தான். ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்ட பேனா இன்னும் கையிலேயே இருந்தது.

"என்ன அண்ணி ஆச்சு?"

"தெரியல தம்பி. பிள்ளை துடிப்பு குறைஞ்சுபோச்சு."

இருவரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வலது கை நகக்கண்களில் சிவப்பு பிரைமர் காய்ந்திருந்தது; பெரியவள் அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். பழைய தையல் பிரிந்துவிட்டது என்றார். தாய்க்கு நிறைய ரத்தம் போயிருக்கிறது, ஏற்றிக்கொண்டிருக்கிறோம், கர்ப்பப்பையை எடுக்காமல் தைத்து நிறுத்திவிட்டோம், பிழைத்துக்கொள்வாள். பையன். வெளியே எடுத்தபோது அழவில்லை. மூச்சு வரவழைத்திருக்கிறோம். ரத்த ஓட்டம் நின்றிருந்த நேரத்தில் மூளைக்கு என்ன ஆகியிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது.

"சீக்கிரமாத்தானே பண்ணீங்க," என்றான் கொழுந்தன். குறையாகச் சொல்லவில்லை. யாராவது ஆமாம் என்று சொல்லவேண்டும் என்பதைப்போலக் கேட்டான்.

"எங்களால முடிஞ்ச வேகத்துல பண்ணோம். அதைவிட வேகமா எங்களால முடியாது."

பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மூக்கில் குழாய், தொப்புளில் குழாய். ஆள் மட்டும் நல்ல வளர்த்தி, தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாக. நோயாளிப் பிள்ளைகளுக்கு நடுவில் தப்பாகக் கொண்டுவந்து போட்டுவிட்டார்களோ என்று தோன்றும். சில நேரம் விரல்கள் இழுத்துக்கொள்ளும். அது பிட்ஸ், வலிப்பு என்றார்கள்.

சின்னவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. அவளுடைய முலைப்பால் ஒரு துளி கிடைத்தாலும் நல்லது, குழாய் வழியாகக் கொடுப்போம் என்று நர்ஸம்மா சொன்னதால், படுத்தபடியே பீய்ச்சிக் கொடுப்பாள். முதல் இரண்டு நாள் மஞ்சளாக, ஒரு கரண்டிக்கும் காணாது. அந்தச் சின்னக் கிண்ணத்தை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெரியவள் மாடிப்படி ஏறுவாள்.

"இன்னைக்கு எப்படி இருக்கான்?"

"கையைப் பிடிச்சேன். சூடா இருந்துச்சு."

"கண் திறந்தானா?"

"தூங்குறான்."

நான்காம் நாள் காலையில் பால் ஊற ஆரம்பித்தது. கிண்ணம் நிறைந்தது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு கிண்ணம் கேளுங்கக்கா," என்றாள். பெரியவள் சிந்தாமல் படியேறிப் போனாள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றித் திரை போட்டிருந்தது. கொழுந்தன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். குழந்தை டாக்டர் ஏதோ சொன்னார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். கீழே வைக்கத் தோன்றவில்லை. எங்கே வைப்பது? சூடு ஆறும் வரை நின்றாள். கடைசியில் ஒரு நர்ஸம்மா அருகில் வந்து, ஒன்றும் பேசாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அதை என்ன செய்தார்கள் என்று பெரியவள் கேட்கவே இல்லை.

கீழே போய்ச் சொல்லவேண்டியது அவள் தலையில் விழுந்தது. சொல்லவேண்டியிருக்கவில்லை. வெறுங்கையோடு வந்ததைப் பார்த்த உடனேயே சின்னவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சின்னவளின் அம்மா வெளியூரிலிருந்து வந்து இரண்டு மாதம் தங்கினாள். கஞ்சி காய்ச்சினாள், மகளுக்குத் தலை துவட்டினாள், பொம்முவைப் பார்த்துக்கொண்டாள். பெரியவளிடம் பேசவில்லை. ஒருநாள், அடுப்படியில் பெரியவள் பருப்பு கடைந்துகொண்டிருந்தபோது பேசினாள்.

"உனக்கு நல்லா பொறந்துச்சு. சந்தோஷம். அதை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. அதுவும் சரி. என் பொண்ணு வயித்துலயும் அதைப் பார்க்கணும்னு உனக்கு என்ன வந்துச்சு?"

பெரியவள் மத்தைக் கீழே வைத்தாள். டாக்டரே சொன்னார் என்று சொல்லலாம். அவளே விரும்பினாள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். "ஒண்ணும் சொல்றதுக்கு இல்லைம்மா," என்றாள்.

"இருக்காது. நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், நேரா ஆபரேஷன் பண்ணுங்கன்னு. என் பேச்சு யாருக்கு வேணும்?"

பட்டறையில் அன்று வெல்டிங் சத்தம் கேட்கவில்லை. கொழுந்தன் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான். பெரியவள் டீ கொண்டுபோய் வைத்தபோது, "கேட்டுச்சு அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க," என்றான். கொஞ்சம் கழித்து, "முயற்சி பண்ணலாம்னு கையெழுத்து போட்டது நான்தான்," என்றான்.

"தம்பி, அதையெல்லாம் இப்ப எதுக்கு?"

"அன்னைக்கு டாக்டர் சொன்னப்போ எனக்கு ஆபரேஷன்தான் தோணுச்சு. அவ முகத்தைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன். பஸ் பார்க்கப் போறேன்னு போயிட்டேன்."

அந்த வீட்டில் பழியை அடுத்தவர் மேல் போடச் சண்டை நடக்கவில்லை. ஆளுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் எதை வைத்திருக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. அம்மா ஊருக்குப் போன பிறகு அவள் மெல்ல வேலைக்கு வந்தாள். முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தேய்ப்பாள். உப்பு எங்கே, பொம்மு தூங்கிவிட்டாளா, பிரைமர் தீரப்போகிறது: அந்த அளவில் பேச்சு நின்றது. பெரியவள் வாயும் அடங்கிப்போயிற்று. முற்றத்தில் உப்புத்தாள் கரகரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுண்டெலியைப் பெரியவள் தெருவுக்கு அனுப்பிவிடுவாள். இங்கே நிற்காதே, போய் விளையாடு என்று. அவன் முற்றத்தில் ஓடினால், சிரித்தால், விழுந்து அழுதால், எல்லாமே அவளுக்குத் தவறாகப் பட்டது. ஒருநாள் வெயில் கொளுத்தியது. பையன் வாசலோடு திரும்பிப் போகப் பார்த்தான்.

"அவனை எதுக்கு வெரட்டுறீங்க?" என்றாள் சின்னவள்.

பெரியவள் திடுக்கிட்டாள்.

"தினமும் பார்க்குறேன். சோறு போட்டு உள்ள உட்கார வைங்க. அவன் என்ன பண்ணான்?"

கோபமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அத்தனை மாதத்தில் அவளாக எடுத்துப் பேசிய முதல் பேச்சு அது. பெரியவள் உள்ளே போய்ச் சோற்றைப் பிசைந்தாள். சுண்டெலியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

அடுத்த மழை தொடங்கிய பிறகு, ஒரு சாயங்காலம் கண்ணாடிக் கடைக்காரரின் மருமகள் வந்தாள். பட்டறையில் செய்யும் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது அவர்கள் கடை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆறு மாத வயிறு. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றாள்.

"பெரியக்கா, உங்களைத்தான் பார்க்க வந்தேன். எனக்கு முதல்ல ஆபரேஷன். இப்ப டாக்டர், முயற்சி பண்றியான்னு கேட்கறாங்க. உங்களுக்கு நல்லபடியா ஆச்சுன்னு எல்லாரும்..."

அவள் நடுவிலேயே நிறுத்திவிட்டாள். சின்னவள் முக்காலியில் இருப்பதை அப்போதுதான் கவனித்திருக்கவேண்டும். குடையை எடுக்கத் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றாள் பெரியவள் அவசரமாக. "நான் டாக்டரா? நீ வீட்டுக்குப் போ. இருட்டப்போகுது."

"உட்காரட்டும்," என்றாள் சின்னவள்.

அவளே எழுந்து, கவிழ்த்துப் போட்டிருந்த பெயின்ட் டின் ஒன்றைத் துடைத்து வந்தவளுக்குப் போட்டாள். "அக்கா, சொல்லுங்க. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க."

"வேணாம்டி."

"நடந்ததுதானே. சொல்லுங்க."

பெரியவள் சொன்னாள். மூத்தவளுக்குத் தலை மேலே இருந்தது, அதனால் ஆபரேஷன் என்று தொடங்கினாள். புருஷனைப் பற்றிய கேலி எதுவும் இந்தத் தடவை வரவில்லை. யாரிடமும் சொல்லாததெல்லாம் வந்தது. சுண்டெலி வந்தபோது கீழே ஆழமாகக் கிழிந்துவிட்டது. மறுநாள் நடந்துபோய்க் குளித்தது நிஜம்தான். குளியலறையில் வலி தாங்காமல் குழாயைப் பிடித்துக்கொண்டு அழுததும் நிஜம். ஒன்றரை மாதம் ஒழுங்காக உட்காரமுடியவில்லை. ஆனாலும் மூன்றாம் நாளே பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சமைத்தாள். "டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க, எனக்கும் அவளுக்கும் வேற வேறன்னு," என்றாள் கடைசியில். "என் காதுல விழுந்துச்சு. விழுந்தும் நான் பெருசா எடுத்துக்கல. இவகிட்ட பஸ் நிறுத்தத்துல வேற மாதிரி சொன்னேன்."

வந்தவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப என்னோடது," என்றாள் சின்னவள்.

பெரியவள் எழப்போனாள். "நீங்களும் இருங்கக்கா. உங்களுக்கும் தெரியாது. கடைசியில நீங்க தியேட்டருக்கு வெளிய இருந்தீங்க."

சின்னவள் சொன்னாள். சுருக்கமாக, அவள் வழக்கப்படி. பாதியைத் தாண்டிய சந்தோஷம். தோள்பட்டை வலி. உள்ளே ஏதோ பிரிந்த மாதிரியும், அதற்குப் பிறகு ஒரு பெரிய அமைதி வந்த மாதிரியும் இருந்தது. தியேட்டரில் மூக்கில் முகமூடி வைக்கும் முன்பு டாக்டரம்மா குனிந்து, பிள்ளையை எடுத்துடுவேம்மா என்றாராம். எழுந்தபோது வயிறு காலியாக இருந்தது. பிள்ளை மாடியில் இருக்கிறான் என்றார்கள். "நான் அவனைத் தூக்குனது ஒரே ஒரு தடவைதான். எல்லாம் முடிஞ்ச பிறகு கீழ கொண்டுவந்து என் கையில குடுத்தாங்க. கனமா இருந்தான்."

மழை தகரத்தில் இரைந்தது. உள்ளேயிருந்து பொம்மு எதையோ கேட்டுக் கூப்பிட, பெரியவளின் புருஷன் அவளுக்குப் பதில் சொல்வது கேட்டது.

"நான் என்ன பண்ணட்டும் அக்கா?" என்றாள் வந்தவள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

"அதை நாங்க சொல்லக் கூடாது," என்றாள் சின்னவள். "உனக்கு முதல்ல எதுக்காக அறுத்தாங்கன்னு கேளு. அங்க எந்நேரமும் தியேட்டர் திறந்திருக்குமா, ரத்தம் இருக்குமான்னு கேளு. கேட்டுட்டு உனக்கு எது தோணுதோ அதைச் செய். என்னைப் பார்த்துப் பயப்படாதே. அக்காவைப் பார்த்துத் துணியவும் துணியாதே."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "இவங்க மேல உங்களுக்குக் கோபம் இல்லையாக்கா?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாதென்று உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னவள் யோசித்தாள்.

"நிறைய இருந்துச்சு. அவங்க சொல்லலைன்னாலும் நான் இதையேதான் கேட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோபம் இருந்துச்சு." உப்புத்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு."

பெரியவள் தலையை நிமிர்த்திச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவளும் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. கொஞ்சம் என்றுதான் சொன்னாள். அது எவ்வளவு என்று கேட்கவேண்டும்போல இருந்தது பெரியவளுக்கு. கேட்கவில்லை. மழை வலுப்பதற்குள் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று எழுந்தாள்.

"நானும் வர்றேன், இருங்க," என்றாள் சின்னவள்.

மூன்று பேருக்கு ஒரே குடை. கர்ப்பிணியை நடுவில் விட்டு, இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக நனைந்துகொண்டே நடந்தார்கள்.